அசையுதா என்று கேட்டவர்கள்

காலையில் கண் விழித்ததும் தங்கப்பொண்ணு காதில் விழும் முதல் வார்த்தை "அசையுதா?" என்பதுதான். தூங்கினாளா, தலைவலி விட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மாமியார் முத்துத்தாய் அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுப்பாள். அந்தக் கேள்வி சுவரைத் தாண்டி வந்து சேரும் முன்பே இவள் "அசையுது அத்தை" என்று பதிலை அனுப்பிவிடுவாள்.

கணவன் அழகுபாண்டி அவனியாபுரத்தில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டர். டீ வந்தால் ஒரு போன், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு போன். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், ஆகவே இன்னொரு போன்.

"அசையுதா?"

"அசையுது."

"நல்லா அசையுதா?"

"நல்லா அசையுதுங்க."

"சரி, வைக்கிறேன்."

இவ்வளவுதான் பேச்சு. கட்டிய புதிதில் இதே மனுசன் போனில் மணிக்கணக்காகப் பட்டறைக் கதையெல்லாம் பேசுவான். இப்போது அவளோடு பேசுகிறானா, அவள் வயிற்றோடு பேசுகிறானா என்று அவளுக்கே சந்தேகம். மாடி வீட்டு பிருந்தா அக்கா துணி காயப்போட இறங்கினால் கேட்பாள். பால் ஊற்றுகிறவர் கேட்பார். "கோச்சடை ஊரே கூடி நின்னு என் வயித்தைத்தான் வேடிக்கை பாக்குது" என்று ஒரு நாள் அவள் பாத்திரத்தைப் போட்ட போட்டில் முத்துத்தாய் ஓடி வந்தாள். வந்தவள் கேட்டதும் அதே கேள்விதான். "என்னத்தா சத்தம்? புள்ள பயந்துரப் போகுது. அசையுதா?"

அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. போன முறை யாருமே கேட்கவில்லை. முதல் பிள்ளை, ஏழு மாதம் முடிந்து வளைகாப்பும் போட்டாகிவிட்டது. ஒரு நாள் வயிறு அமைதியாக இருந்தது. பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள் தங்கப்பொண்ணு. மறுநாளும் தூங்குகிறது என்றே நினைத்தாள். அதற்கடுத்த நாள் ஸ்கேன் அறையில் டாக்டர் கருவியை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். திரையை இவள் பக்கம் திருப்பவில்லை. ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் போடச் சொன்னார். அந்த விளக்கு எரிந்தபோதே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால்தான் இந்த முறை ஊரே கேட்கிறது. பதில் தெரிந்தாக வேண்டும் என்று ஒருவன் கேட்டால்தான் அது கேள்வி. தன் பயத்தைச் சற்று நேரம் இன்னொருவர் கையில் கொடுத்து வைக்க வருகிறவனும் கேள்வி மாதிரிதான் பேசுவான். அவனுக்குத் தேவை ஒரு சொல், உண்மை அல்ல. அந்தச் சொல் கிடைத்ததும் போய்விடுவான். பயம், வாங்கியவரிடமே தங்கிவிடும்.

அப்படிக் கேட்கிறவர்களுக்குச் சொல் கொடுப்பதில் தங்கப்பொண்ணு சாதாரண ஆள் இல்லை. அதுதான் அவள் பார்த்த உத்தியோகம். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், பி.காம். முடித்ததும் மதுரையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை. காலையிலிருந்து மாலை வரை ஒரே கேள்விதான்: "சிலிண்டர் எப்பங்க வரும்?" முதல் வாரம் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் பார்த்து, குடோனில் கேட்டு, வண்டிக்காரரை அழைத்துப் பதில் சொன்னாள். மேனேஜர் கூப்பிட்டுச் சிரித்தார். "இம்புட்டு தேடிச் சொன்னா லைன்ல நிக்கிற மத்தவங்க என்ன ஆவாங்க? வண்டி கெளம்பிருச்சுன்னு சொல்லும்மா. எப்படியும் ஒரு நேரம் கெளம்பத்தானே போகுது?" அதன்பின் அவளும் பார்ப்பதில்லை. "வண்டி கெளம்பிருச்சும்மா", "வண்டி கெளம்பிருச்சு சார்". குரலில் தேன் வடியும். கேட்டவர்கள் நிம்மதியாகப் போனை வைத்தார்கள். சில நாள் வண்டி உண்மையிலேயே கிளம்பியிருக்கும்.

இந்தப் பெருமை ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வரும் என்று அவள் நினைக்கவில்லை.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருந்தது அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி. முதல் பிள்ளை தவறியதோடு இந்த முறை ரத்த அழுத்தமும் ஏறிவிட்டது. பிள்ளையும் மாதத்துக்குத் தகுந்த எடையில் இல்லை. ஆகவே வாரம் இரண்டு தரம் வந்து பெல்ட் கட்டிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் ரோகிணி. வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். ஒன்றில் இருக்கும் வட்டக் கருவி பிள்ளையின் இதயத்துடிப்பை வாங்கும், இன்னொன்று வயிறு இறுகுவதைப் பார்க்கும். தாயின் கையில் ஒரு பட்டன். பிள்ளை அசைந்தால் அமுக்க வேண்டும். காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு குறி விழும். பிள்ளை அசையும்போது துடிப்பும் கூடி ஏறினால், உள்ளே பிராணவாயுவுக்குக் குறைவில்லை என்று அர்த்தம்.

அந்த அறைக்குப் பொறுப்பு சிஸ்டர் ஹம்சவேணி. சௌராஷ்டிரக் குடும்பம்; வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் திட்டுவாள், வைத்துவிட்டு நல்ல தமிழில் அங்கே வந்திருப்பவர்களைத் திட்டுவாள். இனிமையானவள் என்று யாரும் சொன்னதில்லை. முதல் நாள் தங்கப்பொண்ணு வாயைத் திறந்ததுமே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கயோ கேட்ட குரலா இருக்கே."

"கேஸ் ஏஜென்சில போன் எடுத்துக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்."

"அடி, நீதானா அந்த 'வண்டி கெளம்பிருச்சும்மா'? தீபாவளிக்கு முந்தின நாள் மாவைப் பிசைஞ்சு வச்சுட்டு வாசல்லயே நின்னேன். மறுநாள் எண்ணெய் தேச்சுக் குளிச்சு முடிச்சும் வண்டி வரல. எங்கிட்ட மாட்டுனியா?"

தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வண்டியை இவளா ஓட்டினாள்?

அந்த அறைக்கு வருவதே அவளுக்குப் பெரும்பாடு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முத்துத்தாய் ஒரு பாட்டிலில் மாதுளை ஜூஸ், இன்னொன்றில் சாத்துக்குடி ஜூஸ் என்று பையை நிரப்பிவிடுவாள். இனிப்பு உள்ளே போனால் பிள்ளை துள்ளும், டெஸ்டில் 'பாஸாகி' விடலாம் என்பது அவள் கணக்கு. பரீட்சை என்று வந்துவிட்டால் எப்படியாவது தேறிவிட வேண்டும். தேறுவது எதற்கு என்ற விசாரணை நம் வீடுகளில் கிடையாது.

அன்றும் அப்படித்தான். ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்து சேர்ந்ததும் பெல்ட் கட்டிவிட்டாள் ஹம்சவேணி. சாய்வு நாற்காலியில் தங்கப்பொண்ணு ஒருக்களித்துப் படுத்தாள். மெஷினில் டக்டக்கென்று குதிரை ஓடுவது போன்ற சத்தம். முத்துத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"ஏத்தா, அந்தப் பட்டனை எங்கிட்டக் குடு. எம்புட்டு நேரம்தான் பிடிச்சுக்கிட்டே இருப்ப? நான் அமுக்குறேன்."

"ஏம்மா, புள்ள ஒங்க வயித்துலயா இருக்கு?" என்றாள் ஹம்சவேணி, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் வயித்துலயும் இருந்துச்சு, நாலு. ஒரு பட்டனும் அமுக்கல, நாலும் பொறந்துச்சு."

"அப்ப அஞ்சாவதுக்கு வாங்க, ஒங்க கையில குடுக்கிறேன்."

முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியாது.

"அசையுதாத்தா?"

"அசையுது அத்தை" என்றாள் தங்கப்பொண்ணு. கட்டைவிரல் பட்டனை அமுக்கியது.

ஹம்சவேணி திரும்பிப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. பட்டறையில் கரண்ட் போயிருக்க வேண்டும். "டெஸ்ட் முடிஞ்சுச்சா? அசையுதா?"

"அசையுதுங்க." கட்டைவிரல் மறுபடி அமுக்கியது.

"நல்லா அசையுதா?"

"நல்லா அசையுது." மறுபடியும்.

ஹம்சவேணி எழுந்து வந்து போனை அவள் காதிலிருந்து எடுத்து, "அப்புறம் பேசுவாங்க" என்று சொல்லி அணைத்து மேசை டிராயரில் போட்டாள். ஓடிக்கொண்டிருந்த காகிதத்தைக் கிழித்து அவள் முன்னால் விரித்தாள்.

"இங்க பாரு. நீ அமுக்குன குறி எல்லாம் இந்தா இருக்கு. புள்ள அசைஞ்சா இந்தக் கோடு மேல ஏறி எறங்கணும். இது வைகைல மணல் கெடக்குற மாதிரி படுத்துக் கெடக்கு. ஒங்க அத்தை கேட்டாங்க, அமுக்குன. வீட்டுக்காரரு கேட்டாரு, அமுக்குன. புள்ள எப்பக் கேட்டுச்சு?"

தங்கப்பொண்ணுக்கு முகம் சுருங்கியது. "நான் வேணும்னு அமுக்கல சிஸ்டர்."

"தெரியும். எங்கிட்டயே வண்டி கெளம்பிருச்சுன்னு சொல்ற." குரலில் கேலி இருந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. "போன தடவை பெல்ட் கட்டுனப்ப நான்கூடத்தான் கேட்டேன், நல்லா அசையுதுல்லன்னு. நீ ஆமான்னதும் ஒன் மூஞ்சியக்கூடப் பாக்காம அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எல்லாரும் ஒரே லட்சணம்தான்." பிறகு முத்துத்தாய் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க வெளிய இருங்க. ஜூஸையும் எடுத்துட்டுப் போங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"ஒன்னும் செய்யாம இருக்கத்தான் வெளிய போகச் சொல்றேன்."

கதவைச் சாத்தினாள். அறையில் மெஷினின் சத்தம் மட்டும். ஹம்சவேணி தங்கப்பொண்ணின் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். "நான் ஒன்னும் கேக்க மாட்டேன். நீ பாரு. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. புள்ள தூங்கவும் செய்யும். நேரம் குடுப்போம்."

யாரும் எதுவும் கேட்காத அமைதி. எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு அமைதி தங்கப்பொண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் அது நிம்மதியாக இல்லை. உள்ளே தேடினாள். வயிறு இறுகியிருந்தது, கனமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. நேற்று? நேற்று காலை அவரைக்காய் நறுக்கும்போது உதைத்த மாதிரி ஒரு நினைவு. அது நேற்றா, முந்தாநாளா? அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு அசையுது என்று சொன்னாள் என்பது நினைவிருந்தது. எப்போது அசைந்தது என்பது இல்லை. மற்றவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, அந்தப் பதிலைத் தானும் நம்பியிருக்கிறாள். கேஸ் ஏஜென்சியில் இருந்தபோது தன் வீட்டுக்கு சிலிண்டர் பதிந்துவிட்டு அவளே அவள் பதிலை நம்பிக் காத்திருந்தது போல.

"தெரியல சிஸ்டர்" என்றாள். குரலில் தேன் இல்லை. "எப்ப இருந்து தெரியலன்னும் தெரியல."

ஹம்சவேணி தலையாட்டினாள். அவளை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். காத்திருந்தார்கள். பிறகு, தூங்கும் பிள்ளையை எழுப்ப என்று வைத்திருக்கும் சிறு கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினாள். வண்டு மாதிரி அது ரீங்கரித்தது. கோடு லேசாக ஒரு தரம் மேலே போய்ச் சரிந்தது. மறுபடி வைத்தாள். கோடு அசையவில்லை. குதிரையின் ஓட்டம் மட்டும் மாறாமல், அலுப்போடு ஓடியது.

டாக்டர் ரோகிணி ஸ்கேன் செய்தார். இந்த டாக்டர் திரையை இவள் பக்கம் திருப்பி வைத்தார். இதயம் துடிப்பதைக் காட்டினார். தங்கப்பொண்ணு மூச்சு விட்டாள்.

"துடிக்குது. அதுல சந்தேகம் இல்ல. ஆனா சுத்தியிருக்கிற தண்ணி கொறைஞ்சிருச்சு. தொப்புள்கொடியில ரத்த ஓட்டம் விட்டு விட்டுப் போகுது, சீராப் போகல. புள்ள சக்தியை மிச்சம் பிடிச்சுக்கிட்டு அசையாம கெடக்கு. இதுக்கு மேல உள்ள வச்சிருக்கிறது அதுக்கு நல்லதில்ல. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். வீட்டு ஆளுங்களைக் கூப்பிடுங்க."

அழகுபாண்டி பட்டறைச் சட்டையோடு வந்தான். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை ஓட்டையாக இருந்த சட்டை. அவன் வருவதற்குள் முத்துத்தாய் டாக்டர் அறை வாசலில் நின்று போராட்டத்தைத் தொடங்கிவிட்டாள்.

"எட்டாம் மாசம் ஆகாது டாக்டரம்மா. ஏழுல பொறந்தாலும் பொழைக்கும். எட்டுல பொறந்தா தங்காது. ஒம்போது பொறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் ஊசி கீசி போட்டு ஓட்டுங்க."

"ஏம்மா, ஏழு மாசப் புள்ளையைவிட ஒரு மாசம் கூட உள்ள இருந்த புள்ள எப்படிம்மா கொறைஞ்சு போகும்? நுரையீரலுக்கு வேண்டிய ஊசியும் போன வாரமே போட்டாச்சு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. காலங்காலமாச் சொல்றது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காலங்காலமாகச் சொல்வதற்கு எதிராக ஒரு மத்தியான நேரத்தில் என்ன பேச முடியும்? அழகுபாண்டி அம்மாவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் மனைவியிடம் வந்தான்.

"ஏ தங்கம், காலைல நல்லா அசையுதுன்னியே. கொஞ்சம் முந்தி போன்ல கூடச் சொன்னியே. நல்லா அசையுதுன்னா எதுக்கு அவசரம்? நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். "அசையுது" என்றால் முத்துத்தாயின் முகம் மலரும், இவன் பட்டறைக்குத் திரும்புவான், ஒன்பதாம் மாதத்துக்காக எல்லோரும் வீட்டில் போய்க் காத்திருப்பார்கள். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. பழகிய சொல்லுக்கு வழி தெரியும்.

"சும்மா சொன்னேன்" என்றாள்.

"என்னது?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். பாத்துச் சொல்லல."

முத்துத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "அடிப் பாவி மகளே! நான் கேட்டதுக்கும் சும்மாவா சொன்ன?"

"ஆமா, சும்மாதான்." அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை வாட்டிதான் கேப்பீங்க? அடுப்படில இருந்து கேக்குறீங்க, பட்டறைல இருந்து கேக்குறீங்க, மாடில இருந்து கேக்குறாங்க. ஒங்க எல்லாருக்கும் பதில் சொல்லவே எனக்கு நேரம் சரியாப் போகுது. புள்ளைகிட்ட நான் எப்பக் கேக்குறது? ஒரு ஆளாவது சும்மா பக்கத்துல உக்காந்து வயித்துல கைய வச்சுப் பாத்தீங்களா? கேட்டீங்க, போனீங்க. கேட்டீங்க, போனீங்க."

அழகுபாண்டிக்குக் கோபம் வந்தது, அதைக் காட்ட இடம் கிடைக்கவில்லை.

"டாக்டரம்மா, எடுத்துருங்க" என்றாள் தங்கப்பொண்ணு. "எட்டோ ஒம்போதோ. அசையாம கெடக்குறதை நான் ஒரு தடவை பாத்துட்டேன்."

முத்துத்தாய் ஜூஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய எட்டாம் மாதம் இன்னும் தோற்கவில்லை; சற்று நேரம் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவே.

சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்தவுடன் அழவில்லை, கொஞ்சம் உசுப்பிய பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. கை அகலம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். டாக்டர், பிள்ளைக்கு இன்னும் சில நாள் கவனிப்பு தேவை என்றார். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் எல்லாக் கேள்வியும் கேட்கத் தெரிந்தவர்கள் அதை மட்டும் கேட்கவில்லை.

சில நாளில் தங்கப்பொண்ணு எழுந்து நடக்கத் தொடங்கினாள். பிள்ளைக்குக் குழாய் வழியாகப் போன பால் நின்று, பாலாடைச் சங்கில் புகட்ட ஆரம்பித்திருந்தார்கள். அன்று மத்தியானம் கட்டிலில் கண் அசரும் நேரத்தில் போன் அடித்தது. பட்டறையில் டீ நேரம்.

"பால் குடிச்சாளா?"

"குடிச்—" என்று தொடங்கிய வாயைத் தங்கப்பொண்ணு மூடினாள்.

"என்ன, குடிச்சாளா?"

"இருங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

"ஏ, சும்மா கேட்டேன், படுத்திரு—"

அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். தையல் இழுத்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு வராந்தா நெடுக மெதுவாக நடந்தாள். போனுக்குள் அழகுபாண்டி "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். பின்னாலேயே முத்துத்தாய் முணுமுணுத்தபடி வந்தாள். "குடிச்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா அவன் பாட்டுக்கு வேலையைப் பாப்பான்ல. தையல் போட்ட வயித்தோட இதுக்கு ஒரு நடையா?"

எதிரே வந்த ஹம்சவேணி, "எங்க கெளம்பிட்ட?" என்றாள்.

"வண்டி வந்துருச்சான்னு பாக்கப் போறேன் சிஸ்டர்."

ஹம்சவேணி வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கப்பொண்ணு பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். பிறகுதான் போனைக் காதில் வைத்தாள்.

"இன்னும் குடிக்கல. தூங்குறா. எடது கால் மட்டும் அசையுது."